கருவியின் குறிப்பை யார் எழுத வேண்டும்?

ஒரு கருவியைச் செய்வதில் நாம் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையேனும் அக்கருவியைப் பற்றிய குறிப்பை எழுதுவதில் காட்டுவதில்லை. நீரிறைக்கும் பொறி ஒன்று வாங்கப்படுகிறது. அதனுடன் ஒரு சிறு புத்தகமும் வருகிறது. பொறி நிலையத்துக்குச் செல்கிறது. புத்தகம் அலுவலக அலமாரிக்குச் செல்கிறது. இதனால் இதுகாறும் பெருந்தீங்கு விளைந்ததில்லை. ஏனெனில், பொறியை இயக்குபவர் அதனைக் கண்ணால் காண்கிறார். அதன் ஓசையைக் காதால் கேட்கிறார். சூட்டைக் கையால் தொட்டு உணர்கிறார். குறிப்பில் விடுபட்டதை அனுபவம் நிரப்பிவிடுகிறது. ஓய்வுபெற்றுச் செல்பவர் புதிதாய் வருபவருக்கு வாய்மொழியாகவும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்.

இப்பொழுது புதுவகை ஊழியர் ஒருவர் நம் நிலையங்களின் வாயிலில் வந்து நிற்கிறார். அவருக்குக் கண் இல்லை, காது இல்லை, கை இல்லை. முன்பு அங்குப் பணியாற்றிய எவரையும் அவர் அறியார். எழுத்தில் தரப்பட்டதை மட்டுமே அறிவார். ஆனால் அதனை நொடிப்பொழுதில் படித்து, மறுநொடியிலேயே செயலில் இறங்கிவிடுவார். செயற்கை நுண்ணறிவு முகவர் என்று இவரைச் சொல்கின்றனர். ஊழியர் என்றது பேச்சுக்காகவே. உண்மையில் இஃது ஒரு கணிப்பொறி நிரல். இனி அஃறிணையிலேயே குறிப்பிடுவோம்.

இதன் இயல்பைச் சற்று விளக்குதல் நலம். பெருமொழி மாதிரி எனப்படும் நிரல், ஏராளமான நூல்களையும் பிற எழுத்துகளையும் கொண்டு பயிற்றப்பட்டது. ஒரு சொற்றொடருக்குப் பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணிப்பதே அதன் அடிப்படைத் தொழில். அத்தொழிலை மிகப் பெரிய அளவில் செய்யும்போது, வினாவுக்கு விடை கூறவும், ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துத் திட்டமிடவும் அதற்கு இயலுகிறது. எனினும், அது தானாக ஒரு வால்வைத் திருகிவிட முடியாது. ஒரு மோட்டாரை நிறுத்திவிடவும் முடியாது. அதற்குக் கருவிகள் தரப்பட வேண்டும். கருவி என்பது இங்கே ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்து முடிக்கும் சிறு நிரல். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளுக்கு இத்தகைய கருவிகளைத் தரும் முறையை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆந்த்ரோபிக் நிறுவனம், மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. முறை எதுவாயினும், ஒரு கருவியைப் பற்றி முகவருக்கு முக்கியமாகத் தெரிவிக்கப்படுவன மூன்று: கருவியின் பெயர், சில வாக்கியங்களில் ஒரு விவரக்குறிப்பு, தரவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். இவற்றைப் படித்து, ‘இன்ன கருவியை இன்ன உள்ளீட்டுடன் இயக்குக’ என்று முகவர் எழுதுகிறது. வேறொரு நிரல் அதனை நிறைவேற்றி, விளைவை எழுத்தாகத் திருப்பித் தருகிறது. கருவியின் உள்ளே இருக்கும் நிரலை முகவர் பொதுவாகக் காண்பதில்லை. களத்தில் இருக்கும் இயந்திரத்தையோ ஒருபோதும் காண்பதில்லை.

இன்று இம்முகவர்கள் ஈடுபடுத்தப்படும் வேலைகளுள் ஒன்று கணிப்பொறி நிலையங்களைக் கவனிப்பது. சேவையகங்களை இயக்குதல், நிறுத்துதல், தரவுத்தளங்களைக் காத்தல், பழுதின் காரணத்தை ஆராய்தல் போன்ற பணிகள் இவற்றிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் மருத்துவமனைப் பதிவேடும் இந்நிலையங்களை நம்பியே இயங்குவதால், இவற்றையும் சாலை, அணை, மின்கம்பி ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணுதல் தகும். நீர் வழங்கலிலும் மின் வழங்கலிலும் இம்முறையைப் புகுத்தும் முயற்சிகள் பெருகும்போது, களப் பணியாளர்களாகிய நாம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கலாமா என்பதே இங்கு என் கேள்வி. ஒதுங்கி நிற்கலாகாது என்பது என் உறுதியான கருத்து. விவரக்குறிப்பை எழுதும் வேலை நிரல் எழுதுவோருக்கு மட்டும் உரியதன்று. அதன் பெரும்பகுதி, இயந்திரத்தோடு நாள்தோறும் பழகும் மனிதருக்கே உரியது.

முதலில், கணிப்பொறித் துறையிலிருந்தே ஒரு சிறு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அமேசான் நிறுவனம் வாடகைக்குத் தரும் கணிப்பொறிகளில் இரண்டு கட்டளைகள் உண்டு. அவற்றின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் கூறினால், ஒன்று ‘நிறுத்து’, மற்றொன்று ‘முடி’. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் இடையே பெரிய வேற்றுமை தோன்றாது. செயலிலோ, முதலாவதாக நிறுத்தப்பட்ட கணிப்பொறியை மீண்டும் இயக்கலாம். இரண்டாவதாக முடிக்கப்பட்டது மீளாது. பழகிய பொறியாளர் இவ்விரண்டையும் மயங்குவதில்லை. அவற்றை ஒட்டிக் கருவி செய்பவர், ‘கணிப்பொறியின் இயக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரும்’ என்று ஒரே வரியில் குறிப்பு எழுதிவிட்டால், செலவைக் குறைக்கச் சொன்ன எளிய ஏவலுக்கு முகவர் எதைத் தேர்ந்தெடுக்கும்? ‘இது மீட்க முடியாதது, தற்காலிக நிறுத்தத்துக்கு இதனைப் பயன்படுத்தலாகாது’ என்னும் ஒரு வாக்கியம் அங்கே இருந்திருந்தால் போதும்.

இனி நம் பக்கத்துப் பொருளுக்கு வருவோம். கற்பனையாக ஒரு பாசன வாய்க்காலின் தலைப்பை எடுத்துக்கொள்வோம். அங்கு நான்கு மதகுகள் உள்ளன; மின்மோட்டாரால் ஏறி இறங்கும் ஷட்டர்கள் பொருத்தப்பட்டுள்ளன. முகவருக்கு ஒரு கருவி தரப்படுகிறது. அதன் பெயர் ‘மதகு’. விவரக்குறிப்பு: ‘மதகை அமைக்கும்.’ உள்ளீடுகள் இரண்டு: எண், அளவு. நிரலை எழுதியவருக்கு இதில் ஐயம் ஏதும் இல்லை. அவர் மனத்தில் எல்லாம் தெளிவாகவே உள்ளது. ஆயினும், எண் 2, அளவு 30 என்று கட்டளை சென்றால் என்ன நிகழும்? முப்பது என்பது சென்டிமீட்டரா, முழுத் திறப்பில் நூற்றுக்கு முப்பதா, வினாடிக்கு முப்பது கன அடி நீரா? முப்பது வரையில் திற என்பதா, இப்பொழுதுள்ள திறப்புக்கு மேல் இன்னும் முப்பது கூட்டு என்பதா? இரண்டாவது மதகு எந்தக் கரையிலிருந்து இரண்டாவது?

அலகு பற்றிய குழப்பம் அற்பமானது என்று எண்ணுவோர், 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் கனடா நாட்டில் நிகழ்ந்ததை நினைவில் கொள்ள வேண்டும். ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோகிராமுக்குரிய பெருக்கெண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய பெருக்கெண் கையாளப்பட்டது. 22,300 பவுண்டு மட்டுமே, அதாவது தேவையில் பாதிக்கும் குறைவே, நிரப்பப்பட்டது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீரத் தொடங்கியது. பின்னர் எஞ்சின்கள் இரண்டும் நின்றன. விமானிகளின் அரிய திறமையால், கிம்லி என்னும் இடத்திலிருந்த பழைய விமானத்தளத்தில் விமானம் சறுக்கி இறங்கியது. அதிலிருந்த 69 பேரும் பிழைத்தனர். அங்கே கணக்கிட்டவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற மனிதர்களே. கண்ணுள்ள மனிதருக்கே அலகு எழுதப்படாத எண் இவ்வளவு இடர் விளைத்ததென்றால், கண்ணில்லாத முகவருக்கு அலகில்லாத ‘அளவு’ என்ற உள்ளீட்டைத் தருவது நியாயமாகுமா?

அடுத்து, ‘முப்பது வரையில்’ என்பதற்கும் ‘மேலும் முப்பது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. இதனைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே சிறிது விரிவாகக் கூறுகிறேன். கிராமப் புறத்தில் தொலைத்தொடர்பு அடிக்கடி அறுபடும். முகவர் கட்டளை அனுப்புகிறது, விடை வரவில்லை. கட்டளை சென்று சேரவில்லையா, சேர்ந்து நிறைவேறிய பின் விடை மட்டும் வழியில் தொலைந்ததா என்பதை அது அறிய வழியில்லை. மனிதரைப் போலவே அதுவும் மீண்டும் ஒருமுறை அனுப்பும். கட்டளை ‘முப்பது வரையில்’ என்றிருந்தால் கேடு ஒன்றும் இல்லை. இருமுறை சொன்னாலும் ஷட்டர் முப்பதிலேயே நிற்கும். ‘மேலும் முப்பது’ என்றிருந்தால் ஷட்டர் அறுபதுக்கு ஏறிவிடும். மூன்றாம் முறை அனுப்பினால் தொண்ணூறு. இரவில் வாய்க்கால் கரையை உடைக்க இது போதும். ஆகையால், ஒரே கட்டளையை மறுபடி அனுப்பலாமா, கூடாதா என்பது குறிப்பில் எழுதப்பட வேண்டிய செய்திகளுள் தலையாயது. கருவியையே ‘வரையில்’ என்னும் முறையில் அமைத்துவிடுவது அதனினும் சிறந்தது.

விடை வந்துவிட்டால் மட்டும் போதுமா? கருவி ‘சரி’ என்று திருப்பிச் சொல்கிறது. எது சரி? 1979-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் விடியற்காலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நிகழ்ந்த விபத்தை அறிந்தவர்கள் இக்கேள்வியின் கனத்தை உணர்வார்கள். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கு, வால்வு மூடியது போலக் காட்டியது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டதன்று. வால்வைத் திறந்து வைக்கும் மின்சுருளுக்கு மின்சாரம் செல்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அது காட்டிற்று. மின்சாரம் நின்றது உண்மை. வால்வு மூடியது உண்மையன்று. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அணு உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. பலவேறு காரணங்கள் அவ்விபத்துக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், ‘கட்டளை சென்றது’ என்னும் செய்தியை ‘காரியம் நடந்தது’ என்று படித்தது அவற்றுள் முக்கியமானது. நம் மதகுக் கருவி சொல்லும் ‘சரி’ எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எவரேனும் எழுதினாலன்றி முகவர் அறியாது; ‘மதகு திறக்கப்பட்டது’ என்று அது மேலதிகாரிக்கு நல்ல தமிழில் அறிக்கையும் அனுப்பிவிடும்.

இவ்வளவையும் கருதி அக்குறிப்பை மீண்டும் எழுதினால் ஏறத்தாழ இவ்வாறு அமையும்.

‘கருவியின் பெயர்: மதகு_உயரம்_அமை. ஒரு மதகின் ஷட்டரை, அடிமட்டத்திலிருந்து அளந்த குறிப்பிட்ட உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும். உயரம் சென்டிமீட்டரில், 0 முதல் 120 வரை. 0 என்பது முழுவதும் மூடிய நிலை. தரும் எண் இறுதி உயரமாகும். கூட்ட வேண்டிய அளவு அன்று. ஆகவே அதே கட்டளையை மறுபடி அனுப்பினாலும் விளைவு ஒன்றே. மதகு எண் இடக்கரையிலிருந்து எண்ணப்படுவது. நீர் ஓடும் திசையை நோக்கி நிற்பவரின் இடக்கைப் பக்கம் இடக்கரை. ஷட்டர் நகர்ந்து முடிய 4 நிமிடம் வரை ஆகும். “ஏற்கப்பட்டது” என்னும் விடை, கட்டளை சேர்ந்ததை மட்டும் குறிக்கும். ஷட்டர் நகர்ந்ததா என்பதை 5 நிமிடம் கழித்து மதகு_உயரம்_படி என்னும் கருவியால் அறிக. 3-ஆம் மதகில் வெள்ளத்துக்குப் பின் வண்டல் சேர்ந்து ஷட்டர் முழுவதும் இறங்காதிருத்தல் உண்டு; உயரம் 0-க்கு வராவிடில் மறுபடி முயலாமல் பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க. வாய்க்காலில் ஆள் இறங்கி வேலை செய்யும்போது இக்கருவியைப் பயன்படுத்தலாகாது. பணி_அனுமதி_பார் என்னும் கருவியால் அதனை முதலில் அறிக. குறிப்பிட்ட அளவு நீர் விட வேண்டுமாயின் இது ஏற்றதன்று. நீரளவு_அமை என்பதைப் பயன்படுத்துக.’

அழகிய நடை என்று இதனை எவரும் பாராட்டமாட்டார், வேண்டியதும் அதுவன்று. இதிலுள்ள செய்திகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பாருங்கள். 0 முதல் 120 வரை என்பது வரைபடத்தில் உண்டு. நிரல் எழுதுபவர் அதனைத் தாமே எடுத்துக்கொள்வார். ஷட்டர் நகர நான்கு நிமிடம் ஆகும் என்பதை அருகில் நின்று பார்த்தவரே அறிவார். மூன்றாம் மதகில் வண்டல் சேரும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அது லஸ்கரின் மனத்தில் இருக்கிறது. வாய்க்காலில் தூர் எடுக்க ஆட்கள் இறங்குவர் என்பது நகரத்து அலுவலகத்தில் குளிர்ந்த அறையில் அமர்ந்திருப்பவருக்குத் தோன்றாமலே போகலாம். எந்த வரிகள் விடுபட்டால் மனித உயிருக்கு ஆபத்தோ, அந்த வரிகளே களத்திலிருந்து வர வேண்டியவையாக இருக்கின்றன.

கருவிகளின் பெயர் பற்றியும் சில சொல்ல வேண்டும். பதிவேட்டில் ‘பி-4’ என்றிருக்கும் நீரிறைப்பு நிலையத்தை ஊழியர் அனைவரும் ‘ஆலமரத்து பம்பு’ என்றே அழைப்பர். புகார் தரும் உழவரும் அப்படியே சொல்வார். குறிப்பில் இரண்டு பெயர்களும் இடம்பெறாவிட்டால், முகவர் வேறொரு பம்பை ஆலமரத்து பம்பு என்று ஊகித்துக்கொள்ளக்கூடும். தெரியவில்லை என்று நின்றுவிடுவதைக் காட்டிலும் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிடுவதே இந்நிரல்களின் இயல்பான சாய்வு. அது போலவே, ‘நிலை_பார்’, ‘நிலை_அறி’, ‘நிலை_சோதி’ என மூன்று கருவிகளை அருகருகே வைத்துவிட்டு, முகவர் தவறானதைத் தேர்ந்தது என்று குறைகூறுவதில் பயனில்லை. அவற்றை ஒன்றாக்க வேண்டும். அன்றி, எது எப்பொழுது உரியதன்று என்பதை ஒவ்வொன்றிலும் எழுத வேண்டும்.

நீண்ட குறிப்பே நல்ல குறிப்பு என்று முடிவுகட்டிவிடவும் வேண்டா. கருவிகள் அனைத்தின் குறிப்பையும் முகவர் தன் வேலையோடு சேர்த்தே படிக்கிறது. பட்டியல் பெருகப் பெருகத் தேவையானது மறைந்துபோகும். கருவியின் வரலாறு, அதனைச் செய்த நிறுவனத்தின் புகழ், ‘திறம்படச் செயலாற்றும்’ போன்ற அலங்காரச் சொற்கள் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம். ‘மிக முக்கியம்’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுவோரும் உளர். நம் அலுவலகங்களில் எல்லாக் கோப்புகளின்மீதும் ‘அவசரம்’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவதால் விளையும் பயனே இதிலும் விளையும்.

குறைகளை மறைக்காமல் எழுதும் பழக்கத்துக்கு ஒரு நல்ல முன்மாதிரி கணிப்பொறித் துறையிலேயே உண்டு. 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்த யூனிக்ஸ் முறைமையின் முதற் கையேட்டில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரே ஒழுங்கில் விவரித்தனர். பெயர், பயன்படுத்தும் வடிவம், விவரம் என்று செல்லும் அவ்வொழுங்கில் ‘குறைபாடுகள்’ என்றும் ஒரு தலைப்பு இருந்தது. தாம் செய்த கருவி எங்கே பிழைபடும் என்பதைச் செய்தவரே அதன்கீழ் அறிவித்தனர். வண்டல் சேரும் மூன்றாம் மதகைப் பற்றிய வரி அத்தலைப்பின்கீழ் வருவதே. விற்பனையாளர் தரும் குறிப்பில் அத்தகைய வரி ஒன்றும் இராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குறிப்பு எவ்வளவு தெளிவாயினும், அது பூட்டாகாது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவில் ஒரு மென்பொருள் தளத்தில் பணிபுரிந்த முகவர், எந்த மாற்றமும் செய்யலாகாது என்று பயனாளர் எழுத்தால் தடுத்திருந்தும், பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தின் பதிவுகளை அழித்துவிட்டது. அழிந்தவற்றை மீட்க இயலாது என்றும் அது கூறிற்று; உண்மையில் மீட்க இயன்றது. சோதனைக்குரிய தரவுத்தளத்தையும் பயன்பாட்டிலுள்ளதையும் தனித்தனியே பிரித்துவிடுவதாக அத்தளத்தார் பின்னர் அறிவித்தனர். சொல்லால் தடுப்பதை விட்டு அமைப்பால் தடுப்பதற்கு அவர்கள் மாறினர் என்பதே இதன் பொருள்.

மனிதர் கையில் இருந்த கருவியிலும் இதுவே நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், அமேசான் நிறுவனத்தின் எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையில், சில சேவையகங்களை மட்டும் நீக்குவதற்காக ஊழியர் ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட நடைமுறைப்படி கட்டளை தந்தார். ஓர் உள்ளீடு தவறாக அமைந்தது. கருதியதைவிட மிகப் பல சேவையகங்கள் நீங்கின. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அச்சேவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் தடைப்பட்டது. அதனை நம்பிய எண்ணற்ற இணையத்தளங்களும் நின்றன. அதன்பின் அந்நிறுவனம் கருவியையே திருத்தியது: சேவையகங்கள் மெதுவாகவே நீங்கும், குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே செல்லும் நீக்கத்தைக் கருவியே மறுக்கும். நம் மதகுக் கருவியும் 120-க்கு மேற்பட்ட எண்ணைத் தானே மறுக்க வேண்டும். மறுக்கும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். ‘பிழை 17’ என்று மட்டும் திருப்பிச் சொல்வது முகவரை இருளில் தள்ளுவதாகும். ‘உயரம் 0 முதல் 120 வரை இருக்க வேண்டும், தரப்பட்டது 300’ என்று சொன்னால் அது தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும்.

ஆட்கள் வாய்க்காலில் இருக்கின்றனரா என்பதைப் போன்ற செய்தியில் பூட்டும் குறிப்பும் ஒருங்கே வேண்டும். இதற்கு இந்திய ரயில்வேயில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு முறை வழிகாட்டும். ஒரு நிலைய அதிகாரி கதவுக் காவலரிடம் தொலைபேசியில், கதவு மூடப்பட்டதா என்று கேட்கும்போது, ‘மூடிவிட்டேன்’ என்ற சொல் மட்டும் போதாது. அச்சிட்ட தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பரையும் காவலர் கூற வேண்டும். அது பதிவேட்டில் குறிக்கப்படும். ஊகத்தால் சொல்லக்கூடிய சொல்லுக்கு, ஊகத்தால் சொல்ல முடியாத எண் ஒன்று சாட்சியாகிறது. ஆபத்தான கருவிகளுக்கு இவ்வாறே ‘உறுதி எண்’ என்னும் உள்ளீட்டை வைக்கலாம். பணியில் இருக்கும் பொறியாளர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தருவது அது. ஆனால், ‘உறுதி எண் தேவை’ என்று மட்டும் எழுதினால், வெற்றிடத்தை நிரப்புவதற்காக முகவர் தானே ஓர் எண்ணைப் புனைந்து எழுதிவிடக்கூடும். ‘பொறியாளர் தந்த எண்ணை மட்டும் தருக, எண் இல்லையேல் கருவியை இயக்காமல் கேட்டுப் பெறுக’ என்று எழுத வேண்டும். புனைந்த எண்ணைக் கருவி ஏற்காதபடியும் அமைக்க வேண்டும்.

வெளியாரிடமிருந்து வாங்கும் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். முகவர் குறிப்பைப் படித்து அதன்படி நடப்பதால், தீயநோக்கம் உடையோர் குறிப்புக்குள்ளேயே மறைமுகமான ஏவல்களை எழுதி வைக்க முடியும் என்பதை 2025-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் ஒரு மனிதர் படித்துப் பாராமல் எந்தக் கருவியையும் முகவரின் கையில் கொடுக்கலாகாது.

மாதிரிகள் ஆண்டுதோறும் அறிவு மிகுந்து வருகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் இத்தனை விளக்கம் தேவைப்படாது என்று சிலர் சொல்கின்றனர். அறிவு மிகுவது மெய்யே. ஆயினும், எவ்வளவு அறிவுடையவராயினும் தாம் பாராத, கேளாத மூன்றாம் மதகின் வண்டலை எண்ணியறிதல் இயலுமா? நாட்டின் தலைசிறந்த பொறியாளரை அழைத்து வந்து, ‘மதகு: அமைக்கும், அளவு: 30’ என்று ஒரு சீட்டை நீட்டினால், அவர் முதலில் நம்மிடம் கேள்விகள் கேட்பார். அக்கேள்விகளுக்கு உரிய விடைகளே குறிப்பில் இருக்க வேண்டியவை.

ஆசிரியர்கள் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. வகுப்பறையில் கணிப்பொறி இல்லாமலே இப்பயிற்சியைத் தரலாம். பள்ளியின் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரைப் பற்றி ஒரு மாணவர் எட்டு வரிகளில் குறிப்பு எழுதட்டும். மோட்டாரைப் பார்த்தறியாத வேறொரு மாணவர், அந்த எட்டு வரிகளை மட்டும் கொண்டு, மற்றவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறட்டும். தொட்டி முன்பே நிறைந்திருந்தால் என்ன செய்வாய்? இடையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் மோட்டார் தானே ஓடுமா? கிணற்றில் நீர் வற்றியிருப்பதை எவ்வாறு அறிவாய்? விடை கூற முடியாத ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் உதவாத வரியை நீக்க வேண்டும். கட்டுரைப் பயிற்சியாகவும் விஞ்ஞானப் பயிற்சியாகவும் இஃது அமையும். சொந்த மொழியில் செய்வதே சிறப்பு. மோட்டாரை இயக்கும் பணியாளரையும் வகுப்புக்கு அழைத்துக் கேட்கச் செய்யலாம். மாணவர்கள் அறியாத இரண்டு மூன்று செய்திகளை அவர் நிச்சயம் சொல்வார்.

களப் பணியாளர்களுக்கு நான் கூறக்கூடியது எளியது. உங்கள் பிரிவில் இத்தகைய முகவர் ஒன்று அமர்த்தப்படும் என்ற செய்தி வந்தால், இயந்திரங்களின் பட்டியலைக் கேட்பது போலவே, கருவிக் குறிப்புகளின் பட்டியலையும் கேளுங்கள். அவற்றைத் தமிழில் எழுதித் தரவும் கேட்கலாம். இன்றைய மாதிரிகள் தமிழைப் படிக்கின்றன. குறிப்பின் அடியில் அதனைக் கடைசியாகச் சரிபார்த்த நாளும், சரிபார்த்தவரின் பதவியும் இருக்க வேண்டும். ஷட்டரின் மோட்டார் மாற்றப்பட்டு, நான்கு நிமிடம் என்பது ஒன்றரை நிமிடமாகக் குறைந்தால், அந்த வரியும் அன்றே திருத்தப்பட வேண்டும். பழுதுபார்ப்புப் பதிவேட்டில் இதற்கென ஒரு கட்டம் சேர்ப்பதில் செலவு ஒன்றும் இல்லை. முகவருக்குத் தருவதற்கு முன், குறிப்பை அந்த மதகின் லஸ்கருக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். ‘மூணாவது மதகு அப்படி இல்லீங்களே’ என்று அவர் இடைமறித்தால், அவ்விடத்தில் பேனாவை எடுங்கள்.